படிக்கிற பிள்ளையின் கூலி



சில மாதங்களுக்கு முன் வீடு சந்திக்கப் போனபோது, ஒரு தகப்பனார் என்னை வாசலிலேயே நிறுத்தி மெல்லிய குரலில் ஒரு முறைப்பாடு சொன்னார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற அவருடைய மகன் சனிக்கிழமை மாலை வீட்டை விட்டுப் போகிறான்; ஞாயிறு பிற்பகல்தான் திரும்புகிறான்; கேட்டால் சரியான பதில் இல்லை; ஆனால் சட்டைப் பையில் பணம் இருக்கிறது. "எங்கே இருந்து வருதுன்னு தெரியலை சாமி, பயமா இருக்கு" என்றார். எனக்கும் அந்தப் பையன்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. சிறு வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவன், மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமையில் கண்ணில் படவில்லை. கூப்பிட்டனுப்பினேன். வந்தவனை ஒன்றும் கேளாமலே கடிந்துகொண்டேன். அது என் பிழை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் தலை குனிந்து கேட்டுவிட்டுப் பிறகு சொன்னான். கலியாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறானாம். சனி இரவு வரவேற்பு விருந்து, விடியற்காலையில் முகூர்த்தச் சிற்றுண்டி, நண்பகலில் சாப்பாடு. நடுவில் இரண்டு மணி நேரம் மேடைக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வான். தகப்பனாருக்கு இடுப்பு வலி வந்தபிறகு மூட்டை தூக்கும் வேலை வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. "வீட்டிலே ஏன் சொல்லவில்லை?" என்றேன். "எச்சில் இலை எடுக்கவா உன்னைப் படிக்க வைக்கிறேன்னு அப்பா அழுவாரு சாமி" என்றான்.

இதை இருவருடைய சம்மதத்தின்பேரில்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டியதில்லை. நம் பங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர் என்று பிறகு விசாரித்தபோது தெரிந்துகொண்டேன்.

தொபியாஸ் ஆகமத்தை (இன்றைய மொழிபெயர்ப்பில் தோபித்து நூல்) எடுத்து இரண்டாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நினிவே பட்டணத்தில் சிறைப்பட்ட ஜனங்களுள் ஒருவராயிருந்த தோபித்து, நீதிமான், தர்மவான், கண் பார்வை இழந்து வீட்டிலிருக்கிறார். உறவினர் ஒருவர் இரண்டு வருஷம் ஆதரித்தார்; அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்பொழுது மனைவி அன்னாள் பிறருக்குத் துணி நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக் குடும்பத்தை நடத்துகிறாள். ஒரு நாள் வேலை முடித்துத் துணியைக் கொடுத்தபோது, எஜமானர் முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் குட்டி கத்துகிறது. கண் தெரியாத தோபித்து, இது எங்கிருந்து வந்தது, திருட்டுச் சொத்தாயிருந்தால் திருப்பிக் கொடு என்கிறார். அவள் வெகுமதி என்கிறாள். அவர் நம்பவில்லை. அவளும் மனம் நொந்து சுடுசொல் சொல்லிவிடுகிறாள். ஒரு நல்ல குடும்பத்தில், நேர்மையாய்ச் சம்பாதித்த ஓர் ஆட்டுக்குட்டியால் வந்த சண்டை இது. தோபித்து சாவை வேண்டி அழுது செபிக்கும் அளவுக்கு அது போய்விட்டது.

தோபித்து கேட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் தெரியாத பணம் வந்தால் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கேள்வி கேட்கவில்லை, தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் அதையேதான் செய்தேன்.

அந்த ஆகமத்தில் இன்னொரு இடமும் உண்டு. மகன் தோபியாஸ், மேதிய நாட்டில் ஒருவரிடம் வைத்திருந்த பணத்தை வாங்கிவரப் புறப்படுகையில் வழித்துணைக்கு ஆள் அமர்த்துகிறார்கள். புறப்படுமுன்பே கூலி பேசப்படுகிறது: நாளொன்றுக்கு ஒரு திராக்மா, வழிச்செலவு தனி, நல்லபடியாய்த் திரும்பினால் மேற்கொண்டு ஏதாவது. வந்த ஆள் சம்மனசு இரபாயேல் என்பது அவர்களுக்குத் தெரியாது. சம்மனசானவரே கூலி பேசுவதை இகழ்ச்சியாய் எண்ணவில்லை என்றால், நம் பிள்ளைகள் "எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள்" என்று முன்கூட்டியே கேட்பதில் என்ன வெட்கம்? கேட்காமல் போய் ஏமாந்தவர்கள் அநேகர். ஒரு விருந்து ஒப்பந்தக்காரர் நம் பிள்ளைகள் நால்வருக்கு மூன்று கலியாணக் கூலியைத் தராமல் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பேசிய தொகை எங்கும் எழுத்தில் இல்லை. போனிலே இரண்டு வரி எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்திருந்தால், கேட்பதற்கு ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

எச்சில் இலை எடுப்பதைப்பற்றி ஒரு வார்த்தை. அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் கமாலியேலிடம் வேதசாஸ்திரம் படித்தவர். ஆயினும் கூடாரம் செய்யும் தொழில் கற்றிருந்தார். கொரிந்துப் பட்டணத்தில் அதே தொழில் செய்த அக்கில்லா, பிரிசில்லா என்னும் தம்பதிகள் வீட்டில் தங்கி வேலை செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடி 18-ம் அதிகாரத்தில் காண்கிறோம். யூதரிடையே கல்விமான்களும் ஒரு கைத்தொழில் கற்றிருப்பது வழக்கம்.

நம் காலத்துக்கு அருகில் இன்னொருவர். போலந்து நாட்டைச் சேர்ந்த கரோல் வொய்த்திவா கிராக்கோ சர்வகலாசாலையில் ஓராண்டு படித்த நிலையில், 1939-ல் ஜெர்மானியர் புகுந்து அதை மூடிவிட்டார்கள். வேலைச்சீட்டு இல்லாத வாலிபர்களைக் கட்டாய வேலைக்கு ஏற்றிச் செல்லும் காலம் அது. வீட்டில் வயதான தகப்பனார். 1940-ல் கல்லுடைக்கும் குவாரியில் சேர்ந்தார்; பின்பு சால்வே என்னும் சோடா ஆலையில் சுண்ணாம்பு நீர் வாளிகளைத் தோளில் காவடிபோல் தூக்கினார். தகப்பனார் 1941-ல் இறந்துபோனார். 1942 முதல் இரகசியமாய் நடந்த குருமடத்தில் சேர்ந்து, ஆலையில் இரவு முறையின்போது ஓய்வு கிடைத்த வேளைகளில் பாடம் படித்தார். இவரே 1978-ல் இரண்டாம் அருள் சின்னப்பர் என்னும் பாப்பரசரானார். 1981-ல் மனித உழைப்பைப்பற்றி அவர் எழுதிய சுற்றுமடல், கையில் காய்ப்புக் கண்டவர் எழுதியது. படிக்கிற பையன் வாளி தூக்கினால் குடும்ப மானம் போய்விடும் என்பவர்கள் இதைச் சற்று எண்ணவேண்டும்.

இனி, என்ன வேலை என்பதற்கு வருவோம். கல்லூரிப் பிள்ளைக்கு ஏற்ற வேலையின் இலட்சணம் யாதெனில், பாட நேரத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டும். பரீட்சை மாதத்தில் நிறுத்திக்கொள்ள முடிய வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு என்று இரண்டாகப் பிரித்திருப்பதால் அரை நாள் கையில் மிஞ்சுகிறது. அது பெரிய சௌகரியம். அந்த அரை நாள் போனைத் தேய்ப்பதில் போகிறதா, பிரயோஜனமாய்ப் போகிறதா என்பதுதான் கேள்வி.

பந்தி பரிமாறும் வேலை விடுமுறை நாளில் வருவதால் பிள்ளைகளை இழுக்கிறது. ஆனால் அது பருவ வேலை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. நம்மவர் தபசு காலத்தில் வைப்பதில்லை. தை பிறந்தால் மூச்சு விட நேரமிராது. ஆகவே தையிலும் வைகாசியிலும் வருகிறதை மாதச் சம்பளம் என்று நம்பி, போனை வாங்கித் தவணை கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆடி மாதம் தவணைக்காரன் வந்து நிற்பான். கொதிக்கிற சாம்பார் வாளியோடு வழுக்கும் தரையில் ஓடுகிற வேலை என்பதையும் மறக்கவேண்டாம். நல்ல செருப்பு அவசியம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மேலானது டியூஷன் சொல்லிக்கொடுப்பது. வீட்டுக்குப் பக்கத்தில், மாலை 6 முதல் 8 வரை, வெயில் மழை இல்லாமல், பெண்பிள்ளைகளும் அச்சமின்றிச் செய்யக்கூடியது. அதைவிட முக்கியமானது, சொல்லிக்கொடுக்கிறவன்தான் முதலில் கற்கிறான். பின்னக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு விளங்க வைத்துப் பார்த்தவனுக்குத்தான், தனக்கே அது விளங்கவில்லை என்பது தெரியவரும்! நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-ல் நம் அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வி என்று ஒரு திட்டம் தொடங்கியபோது, தெருத் திண்ணைகளில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து பிள்ளைகளை ஒன்றாய் உட்கார வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டணம் குறையும், சொல்லிக்கொடுக்கிறவருக்கும் கட்டுபடியாகும். ஆனால் மாதம் பிறந்து பத்து நாள் கழித்தும் பணம் தராத பெற்றோர் நம் பங்கிலே இருக்கிறார்கள். இதைப்பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை உண்டு. சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, பூக் கட்டுவது, டிசம்பரில் நட்சத்திரமும் குடிலும் செய்து விற்பது. கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவனுக்கு நம் கோவில் கலியாணங்களே போதும். கம்ப்யூட்டர் பழகியவர்கள் கலியாண ஆல்பம் ஒழுங்கு செய்வது, வீடியோ வெட்டி ஒட்டுவது, அச்சகத்துக்குத் தமிழில் டைப் செய்து கொடுப்பது என்று இராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் வேலை செய்கிறார்கள். இது முன்னேறும் தொழில். படிப்பு முடிந்தபிறகும் கைகொடுக்கும்.

பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நினைத்த நேரம் போகலாம், நினைத்தபோது நிறுத்தலாம். ஆனால் ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பாருங்கள். ஒரு நாளில் 500 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 130, டயர், ஆயில், பழுதுபார்ப்பதற்கென்று ஒதுக்க வேண்டியது 50, வெளியில் சாப்பிட்டது 70. மிஞ்சியது 250. ஐந்து மணி நேரத்துக்கு இது. பக்கத்து வீட்டில் டியூஷன் சொல்லிக்கொடுத்திருந்தால்? சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த வண்டிக் காப்பீடு, கூலிக்கு ஓட்டும்போது நேரும் விபத்துக்குச் செல்லுமா என்பதையும் காப்பீட்டுச் சீட்டைப் பிரித்து வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். பதினெட்டு நிறையாதவன் லைசென்ஸ் இல்லாமல் அண்ணனுடைய பெயரில் ஓட்டுவது கூடவே கூடாது. பெற்றோரே, இதற்கு நீங்களும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனிச் செய்யத் தகாதவை. பிறனுடைய ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைந்து கொடுத்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதைச் சிலர் சாதாரணமாய்ச் செய்கிறார்கள். படம் அழகாய் வரையும் கை சர்வேசுரன் தந்த கொடைதான். ஆனால் அந்த நோட்டில் தான் செய்யாததைச் செய்ததாக ஒருவன் ஆசிரியரிடம் காட்டுகிறான்; அந்தப் பொய்க்கு நீ மை கொடுக்கிறாய். "நான் வரைந்தேன், அவன் பொய் சொன்னான், எனக்கென்ன" என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான். எதற்காக வரைகிறாய் என்று தெரிந்தே வரைந்து, அதற்குக் கூலியும் வாங்கினபின் பாவத்தில் பங்கில்லை என்பது எப்படி? அந்தக் கையைக் கொண்டு தாம்பூலப் பைக்குப் படம் வரையட்டும், சுவர் விளம்பரம் எழுதட்டும்.

பாங்குக் கணக்கை வாடகைக்கு விடுவது அதனினும் கொடியது. "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, நூற்றுக்கு இவ்வளவு உனக்கு" என்று கல்லூரி வாசலிலேயே ஆள் பிடிக்கிறார்கள். அந்தப் பணம் எங்கோ ஒரு கிழவியை ஏமாற்றிப் பறித்த பணம். போலீசார் தேடிவரும்போது முதலில் அகப்படுவது கணக்குக்காரன்தான். கணக்கு முடக்கப்படும், உதவித்தொகையும் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதுபோலவே, வேலை தர முன்பணம் கேட்கிறவன் வேலை தருகிறவன் அல்லன். முதலில் நூறு இருநூறு கொடுத்து ருசி காட்டிவிட்டுப் பிறகு ஐயாயிரம் கட்டச் சொல்வது போனில் நடக்கும் பழைய தந்திரம். அகப்பட்டுக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைச் சம்பாத்தியம் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; 2025-ல் மத்திய அரசாங்கமே சட்டம் செய்து தடுத்துவிட்டது.

எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்? நம் பங்குப் பிள்ளைகள் சிலர் வெளிநாடுகளில் படிக்கிறார்கள். அங்கே அரசாங்கமே அளவு வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவர் பாட காலத்தில் வாரம் 20 மணி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் வாரம் 24 மணி. இங்கே அப்படி ஒரு வரம்பு இல்லாததால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். என் எண்ணத்தில் வாரம் 15 மணிக்கு மேல் போனால் படிப்பு நொண்டும். வகுப்பில் வருகை நாள் குறைந்து பரீட்சை எழுத விடாமல் போய்விட்டால், கட்டணத்துக்காகச் செய்த வேலையே கட்டணத்தை வீணாக்கிவிடும். வேலை தேடுமுன் உதவித்தொகை உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. விண்ணப்பம் எழுதச் சோம்பி இழந்தவர்கள் உண்டு.

ஞாயிறு பூசைக்கு வருகிறேன். கடன் பூசையைச் சனிக்கிழமை மாலையிலும் காணலாம் என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1248-ல் தெளிவாயிருக்கிறது. ஆனால் வரவேற்பு விருந்துக்குப் போகிற பையன் சனி மாலை 4 மணிக்கே மண்டபத்தில் நிற்கவேண்டும். ஞாயிறு நம் கோவிலில் பூசை காலை 6-க்கும் 8-க்கும். அவன் எப்படி வருவான்? சட்டம் 1245-ன்படி தகுந்த காரணமிருந்தால் பங்குக்குரு தனிப்பட்டவருக்கு விலக்கு அளிக்கலாம். கேட்கவேண்டியது அவன் கடமை, கேட்கத் துணியும்படி இருக்கவேண்டியது என் கடமை. பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-ல் மாலைப் பூசைக்கு அனுமதி கொடுத்தபோது, ஆலைகளில் முறைவேலை செய்வோரை எண்ணியே கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து மே முதல் நாளைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளாக்கினவரும் அவரே. ஆகவே வருகிற மாதம் முதல் ஞாயிறு மாலை 6.30-க்கு மூன்றாவது பூசை ஒன்று வைக்கிறேன். பந்தி முடித்துக் குளித்துவிட்டு வருவதற்கு நேரமிருக்கும்.

பிள்ளை கொண்டுவரும் பணம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு தாயார் கேட்டார். உழைத்தவனுடையது. ஆனால் குடும்பத்தின் சோற்றைத் தின்று குடும்பத்தின் கஷ்டத்தில் பங்கில்லை என்பவன் கூடாரமடித்துத் தனியே இருக்கட்டும். பெற்றோரும் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளாமல், அவன் கையில் கொஞ்சம் விட்டு, ஒரு பங்கைத் தபாலாபீசில் போடச் செய்யவேண்டும். முக்கியமானது, பணம் வர ஆரம்பித்தவுடன் "படிப்பை விட்டுவிட்டு இதையே செய்" என்று சொல்லாதீர்கள். மூன்று வருஷப் படிப்பை முப்பது கலியாணத்துக்கு விற்கவேண்டாம்.

இனி, கூலி கொடுக்கிறவர்களுக்கு. 1891-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் நியாயமான கூலியைப்பற்றி எழுதினார். (லெயோ என்பதைத்தான் நம் பாட்டனார் சிங்கராயர் என்பார்கள். 2025-ல் தெரிந்தெடுக்கப்பட்ட பாப்பரசர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதற்கு அந்தச் சுற்றுமடலும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார்.) கூலி பேசும்போது இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதால் மட்டும் அது நியாயக் கூலியாகிவிடாது என்பது அதிலுள்ள போதனை. மாணவன்தானே, அவனுக்கு வேறு வழியில்லை என்று குறைத்துப் பேசுவது அதற்கு விரோதம். வேலைக்காரனுடைய கூலியை மறுநாள்வரை வைத்துக்கொள்ளாதே என்று தோபித்து மகனுக்குப் புத்தி சொன்னது நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. டியூஷன் கட்டணத்தை இழுத்தடிக்கும் பெற்றோர், ஆல்பத்துக்குப் பாதிப் பணம் நிறுத்தி வைத்த வீட்டார், கீபோர்டு வாசித்த பையனுக்குச் சாப்பாடு போட்டது போதும் என்று அனுப்பிவிட்டவர்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது இதையும் நினைத்துக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பையனை நானே அவன் வீட்டுக்கு அழைத்துப்போனேன். நடந்ததைச் சொன்னேன். தகப்பனார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "ராத்திரி அங்கே சாப்பிட நேரம் கிடைக்குதா?" என்று மட்டும் கேட்டார். இப்போது அவன் மாதத்தில் இரண்டு கலியாணத்துக்குத்தான் போகிறான். மற்ற நாளில் தன் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

டியூஷன் சொல்லிக்கொடுக்க விரும்பும் கல்லூரிப் பிள்ளைகளும், தங்கள் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோரும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும். கோவிலுக்குப் பக்கத்திலுள்ள ஞானோபதேச அறை வார நாட்களில் மாலை 6 முதல் 8 வரை திறந்திருக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் வாடகை கிடையாது. கட்டணம் ஒவ்வொரு மாதமும் 5-ந் தேதிக்குள் சொல்லிக்கொடுக்கிறவர் கையில் சேரவேண்டும்; 6-ந் தேதி நானே நோட்டைப் பார்ப்பேன்.

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு